பதினாறு தறி

புகார் எண்ணில் பேசிய பெண்
அணைத்துவிட்டுப் போடச் சொன்னாள்.
அணைத்தேன். போட்டேன். வந்தது.
கோபன்ஹேகன்காரர் "இந்தக் காலர்" என்று தொடங்கி
வாயைத் திறந்தபடியே
மறுபடியும் உறைந்துபோனார்.

சோமனூரில் இருந்துகொண்டே
திருப்பூருக்கு வேலை பார்க்கிறேன் ஐந்து வருடமாக.
குழந்தைச் சட்டைகளின் அளவுப் பட்டியல்:
ஆறு மாதம், ஒன்பது மாதம், பன்னிரண்டு மாதம்.
கழுத்துச் சுற்றில் அரை சென்டிமீட்டர் தவறினால்
கன்டெய்னரே திரும்பி வரும்.

முதலில் பீரோவைச் சந்தேகப்பட்டேன்.
"இரும்பு, அலையெல்லாம் தின்னுபோடும்" என்றார் இவர்,
பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.
ரூட்டரை டிவிக்கு மேல் வைத்தேன்.
ஜன்னலில் வைத்தேன்.
சாமி அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில்
ஒரு நாள் முழுக்க வைத்தேன்.
சேனலை ஆறிலிருந்து பதினொன்றுக்கு மாற்றினேன்.
அது போவதும் வருவதும்
ஒறம்பரை மாதிரி, சொல்லாமல்.

நவநீதன் வந்தான், தோளில் ஃபைபர் சுருளோடு.
"செவப்பு மினுக்குச்சுன்னா எங்க மேல தப்புங்க்கா.
நாலு லைட்டும் ஒண்ணாச் செத்துச்சுன்னா
உங்கூட்டுக் கரண்டு மேல.
பாத்து எழுதி வைங்."

எழுதினேன், பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்.
திங்கள் காலை எட்டு மூன்று. நாலும்.
திங்கள் இரவு எட்டு ஒன்று. நாலும்.
செவ்வாய் மதியம், கரண்டு போய் வந்து
இரண்டு நிமிடம் கழித்து. நாலும்.
புதன் காலை எட்டு
என்று எழுதும்போதே பேனா நின்றது.
சுவருக்கு அந்தப் பக்கம்
சடக்கென்று ஒரு தறி,
பின்னாலேயே இன்னொன்று.
பதினாறும் ஓட்டம் பிடித்தபோது
என் டியூப்லைட் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது.

சென்னியப்பன் தறிக்குடோன்.
சாக்கடைத் தண்ணீர் விசயத்தில்
நாலு வருடமாகப் பேச்சில்லை.
போய்ச் சொல்வேனா?
பாஸ்வேர்டை மாற்றினேன்:
சனியன்பிடித்தபதினாறுதறி,
இடைவெளி இல்லாமல், ஆங்கில எழுத்தில்.
தட்டும்போதெல்லாம் கொஞ்சம் ஆறியது.

நவநீதன் குட்டி யுபிஎஸ் ஒன்று கொண்டுவந்தான்,
ரெண்டாயிரத்து நூறு ரூபாய்.
அன்றிலிருந்து போகவில்லை.
கோபன்ஹேகன்காரர் வாக்கியங்களை முடித்தார்.
நோட்டில் பத்து நாளும் சுழி.

ஆனால் எனக்கொரு கெட்ட பழக்கம்.
சாம்பிள் சரியாக வந்துவிட்டாலும்
எதை மாற்றியதால் வந்தது என்று
கேட்காமல் விடமாட்டேன்.
பதினோராம் நாள் காலை ஏழு ஐம்பதுக்கு
யுபிஎஸ்ஸைக் கழற்றி நேரே சுவரில் செருகினேன்.
எட்டு. எட்டு ஐந்து. எட்டரை.
நாலும் பச்சையாகவே நின்றன.

காதிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றினேன்.
பக்கத்துத் தெரு மிக்சி.
மீன்காரர் ஹாரன்.
இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து
நான் கேட்டிராத ஒரு காக்கை.

மாடியேறிப் பார்த்தேன்.
குடோன் ஷட்டரில் பூட்டு.
முள்வேலி ஓரம் பிரித்துப் போட்ட தறிச் சட்டங்கள்,
கிலோ கணக்கில் போவதற்குக் காத்து.
அதில் ஒன்றில் பாதி நெய்த துணி
இன்னும் அறுக்காமல்.

சாயங்காலம் அவரே வந்தார்,
கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.
"அம்மிணி, பையன் ஏதோ கம்பெனிக்கு
அப்ளை பண்ணோணுங்கறான்.
போன்ல நெட்டு தீந்துபோச்சாமா.
அந்த பாஸ்வேர்டு
இன்னைக்கு மட்டும் கெடைக்குமுங்ளா?"

வாய் வரை வந்துவிட்டது.
"ஒரு நிமிசம் இருங்ண்ணா" என்று உள்ளே ஓடினேன்.
புதிதாக ஒன்று வைத்தேன்,
எட்டெழுத்து, யாரையும் பற்றியதல்ல.
சேமித்ததும் ரூட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது.
நாலும் ஒன்றாகச் செத்தன.

பிறகு ஒரு விளக்கு.
பின்னாலேயே இன்னொன்று.
சுவரில் கையை வைத்து நின்றிருந்தேன்.
டியூப்லைட் அசையாமல் எரிந்தது.